கீதாரியிடம் ஒரு முழு ஆண்டு

(ஆவுடையார்கோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேய்ச்சல் நில மேலாண்மையை ஒரு தொழிலாகப் படிப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. மங்கோலியா முன்னின்று கொண்டுவந்த தீர்மானம் அது; 2022 மார்ச்சில் பொதுச் சபையில் நிறைவேறியது. உலகத்தின் நிலப்பரப்பில் பாதிக்குமேல், 54 விழுக்காடு, ஏதோ ஒரு வகையில் மேய்ச்சல் நிலம்தான் என்று 2021இல் வெளிவந்த உலக மேய்ச்சல் நில வரைபடம் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

இந்த ஊரில் நின்று கால்நடையைப் பற்றிப் பேசினால் குதிரைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த அமைச்சர் திருப்பெருந்துறை என்ற இதே ஊரில் மாணிக்கவாசகரான கதை உங்கள் எல்லோருக்கும் பாடம். அந்தக் கதையின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் கடல் வழியாக வந்துகொண்டே இருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்குகிறார்கள், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன, அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்கிறார். இறைச்சியோடு சமைத்த சோற்றைக் குதிரைக்குப் போட்டார்கள் என்றும் எழுதுகிறார். அரசன் கருவூலத்தில் பணத்துக்குக் குறைவில்லை. குதிரை என்ன தின்னும், எங்கே மேயும், எந்த நிலத்தில் தாங்கும் என்று அறிந்த ஆள்தான் குறைவு.

அதே காலத்தில் அதே நாட்டில் செம்மறி ஆடு பிழைத்தது, மாடு பிழைத்தது. அவற்றை மேய்க்கத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். அந்த அறிவை நாம் ஒரு படிப்பாக, ஒரு பதவியாக, சம்பளம் உள்ள ஒரு தொழிலாக ஆக்க வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

மேய்ச்சல் நிலம் என்றதும் பலருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கும் புல்வெளி நினைவுக்கு வரும். அப்படி ஒன்று ஆவுடையார்கோவில் வட்டத்தில் கிடையாது. நம்முடையது வேறு வகை. மழை பெய்யும்வரை காய்ந்து கிடக்கும் கண்மாய் உள்வாய், கிராமக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதிய துண்டு நிலங்கள், மந்தைவெளி, சம்பா அறுத்த வயலின் தாள், வரப்போரம், மீமிசல் பக்கம் போனால் கடலோரத்து உவர் நிலம். இவை எல்லாம் சேர்ந்ததே நம் மேய்ச்சல் நிலம். ஒரே நிலம் ஐப்பசியில் தண்ணீர், தையில் நெல், மாசியில் ஆட்டுக்கிடை. இப்படி மாதத்துக்கு மாதம் ஆள் மாறும் நிலத்தை நிர்வகிப்பது புல்வெளியை நிர்வகிப்பதைவிடக் கடினம். மேய்ச்சலுக்கென்று நிலையாகப் பதிவான நிலம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்து ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம். அந்த ஒரு விழுக்காட்டை மட்டும் நம்பியிருந்தால் இத்தனை ஆடு என்றோ பட்டினி கிடந்து செத்திருக்கும். அவை உயிரோடு இருப்பதற்குக் காரணம் நடை.

அந்த நடையை நடத்துகிறவர் கீதாரி. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து செம்மறி மந்தைகள் காவிரிக் கடைமடை நோக்கிப் போவதை இந்தப் பக்கத்துக்காரர்கள் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். அந்தச் சீமைக்கும் தஞ்சாவூர் வயல்களுக்கும் நடுவில் இருக்கிறது நம் மாவட்டம். பல குடும்பங்களின் ஆடுகள் ஒன்றாகச் சேரும். அவற்றுக்கெல்லாம் பொறுப்பு கீதாரி. அவர் முன்னால் போய் எந்த ஊரில் அறுப்பு முடிந்தது, எந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, யார் வயலில் எத்தனை ராத்திரிக்குக் கிடை போடுவது, கிடைக்கூலி பணமா நெல்லா என்று பேசி முடித்துவிட்டு வருவார். பகலில் தாளும் வரப்புப் புல்லும் மேயும். இரவில் வலை கட்டிய கிடைக்குள் படுக்கும். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். சம்பா அறுப்பு முடிந்ததும் வடக்கே போகும் மந்தை, மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் ஜூன், ஜூலைக்குள் வயலை விட்டு வெளியேற வேண்டும். தண்ணீர் திறப்பு, அறுப்பு, மழை, ஆடு குட்டி போடும் பருவம் என்ற நாலு காலத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி ஓர் ஆண்டுக்கான திட்டத்தை மனசுக்குள் வைத்திருப்பவர் அவர். மேலாண்மை என்று கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆனால் அவருக்குச் சான்றிதழ் கிடையாது. அரசு ஏட்டில் அவர் தொழிலுக்கு ஒரு பெயரும் கிடையாது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் மேய்ச்சல் சமூகத்தாரின் விவரத்தை முதல்முறையாகத் தனியே எடுக்க முன்வந்தார்கள்.

கல்லூரி இந்த அறிவோடு எதைச் சேர்க்கிறது என்று கேட்பீர்கள். நான் முதலில் சொல்வது அளவு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். கண்மாய் உள்வாயில் கண்ட இடத்தில் இருபது முறை போடுங்கள். ஒவ்வொரு முறையும் சட்டத்துக்குள் இருக்கும் புல்லை அறுத்து, காயவைத்து, எடை போடுங்கள். சராசரி 200 கிராம் வந்தால் அந்த நிலம் எக்டேருக்கு 2 டன் உலர்புல் தருகிறது என்று அர்த்தம். முப்பது கிலோ எடையுள்ள செம்மறி ஒன்று நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும். பச்சையாகச் சொன்னால் நாலைந்து கிலோ. நூறு ஆடு நாலு மாதம் மேய 12 டன் வேண்டும். அப்படியானால் 6 எக்டேர் போதும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. விளைந்த புல்லில் பாதி நிலத்திலேயே நிற்க வேண்டும். இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது. இலை முழுக்கப் போய்விட்டால் வேர் சுருங்கும், அடுத்த மழையில் புல் எழுந்திருக்காது, மண் தண்ணீரோடு கண்மாய்க்குள் இறங்கும். ஆகவே எக்டேருக்கு 1 டன்தான் மேயலாம். நூறு ஆட்டுக்கு 12 எக்டேர், ஏறத்தாழ 30 ஏக்கர். உங்கள் ஊர்க் கண்மாயின் உள்வாய் எத்தனை ஏக்கர், ஊரில் எத்தனை ஆடு என்று இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பல ஊர்களில் நிலம் எவ்வளவு பற்றாக்குறை என்பது உடனே விளங்கிவிடும்.

இதைச் செய்ய இப்போது செயற்கைக்கோளும் உதவுகிறது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தக் கண்மாயில் பச்சை ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்று கணினியில் பார்க்கலாம். ஆனால் படத்தில் தெரியும் பச்சை புல்லா, சீமைக் கருவேலமா என்பதை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது செடிகளை வாசிப்பது. நல்ல மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் இருக்கும், நரிப்பயறு படர்ந்திருக்கும். ஆடு முதலில் தேடிப்போவது இவற்றைத்தான். அதனால் மேய்ச்சல் மிஞ்சினால் முதலில் அழிவதும் இவைதான். பிறகு ஆடு அவ்வளவாக வாய் வைக்காத கொழுஞ்சியும் ஆவாரையும் பெருகும். எருக்கு வந்துவிட்டால் நிலம் நோயாளி. அதற்கும் பிறகு சீமைக் கருவேலம். கீதாரிக்கு இந்த வரிசை தெரியும். ஆனால் எந்தக் கட்டத்தில் ஆட்டை வெளியேற்றினால் புல் தானே மீளும், எந்தக் கட்டம் தாண்டிவிட்டால் விதை தூவி, வேலி கட்டி மீட்க வேண்டும் என்று ஆண்டுக் கணக்கில் அளந்து பார்ப்பதற்கு அறிவியல் வேண்டும். இந்தத் துறையின் முதல் பாடநூலை ஆர்தர் சாம்ப்சன் 1923இல் அமெரிக்காவில் எழுதியதும் இந்தக் கேள்விக்காகத்தான்.

நோயும் நிலத்தோடு சேர்ந்ததே. வடகிழக்குப் பருவமழை பெய்து இளம்புல் துளிர்த்ததும் ஆடு வயிறு முட்ட மேய்ந்து துள்ளுமாரி வந்து விழும். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெருகும் சிறு கொசுவினத்தால் நீலநாக்கு நோய் பரவும். கண்மாய் ஓரத்துச் சேற்றில் நத்தை இருந்தால் கல்லீரலில் தட்டைப்புழு சேரும். மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்துக்குள் மாடு புகுந்தால் நஞ்சு ஏறும். எங்கே, எந்த மாதம், எத்தனை மணிக்கு மேய்ப்பது என்பது பாதி வைத்தியம்.

இதற்குப் படிப்பு எங்கே இருக்கிறது? மேய்ச்சல் நில மேலாண்மை என்ற பெயரில் இளநிலைப் பட்டம் நம் மாநிலத்தில் கிடையாது. பக்கத்துப் படிப்புகள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கால்நடை மருத்துவத்துக்கு 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியும், 1989இல் உருவான கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நமக்குக் கிட்டத்தில் ஒரத்தநாட்டுக் கல்லூரி, 2012 முதல். வேளாண்மைக்குக் குடுமியான்மலை, வனவியலுக்கு மேட்டுப்பாளையம். பட்டம் முடித்தபின் புல்லைப் பற்றி ஆழமாகப் படிக்க ஜான்சியில் 1962 முதல் இயங்கும் இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனம். வறண்ட நிலத்துக்கு ஜோத்பூரில் 1959 முதல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம். வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர், வனத்துறைப் பதவிகள். டெல்லி வழியாக இந்திய வனப்பணி. கால்நடை மருத்துவம் படித்தவரும் வனப்பணித் தேர்வு எழுதலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. பட்டம் வேண்டாம், குறுகிய பயிற்சி போதும் என்பவர்கள் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

புத்தகத்துக்கு வெளியே ஒரு பாடசாலையையும் சொல்லிவிடுகிறேன். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்ற மேய்ச்சல் காட்டைப் போய்ப் பாருங்கள். கிளுவை முள்ளால் உயிர்வேலி, உள்ளே வெள்வேல் மரம், அடியில் கொழுக்கட்டைப் புல். காட்டைப் பகுதி பகுதியாக வேலியிட்டு மாட்டை மாற்றி மாற்றி விடுவார்கள். ஒரு பகுதி மேயும்போது மற்றது ஆறும். காங்கேயம் மாடு அந்தப் புல்லில் வளர்ந்த மாடு. மழை குறைந்த வட்டாரத்தில், எந்த அரசுத் திட்டமும் இல்லாமல், தலைமுறைகளாக அங்கே மேய்ச்சல் நில மேலாண்மை நடந்துவருகிறது. ஆனால் அது தனியார் பட்டா நிலம். பொதுநிலத்தை நம்பியிருக்கும் நமக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. நிலத்தை ஆறவிட வேண்டும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு 'மேய்ச்சல் நில வல்லுநர்' என்ற பதவியையே வைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கப் புல், கால்நடை, மண், இயற்கை வளம் ஆகியவற்றில் 42 பாடப் புள்ளிகள் வேண்டும்; அதில் 18 மேய்ச்சல் நில மேலாண்மையில் மட்டும். 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது, 1948இல் அந்தத் துறைக்காரர்களின் சங்கம் உருவானது. கட்டுப்பாடில்லாமல் மேய்த்து நிலம் புழுதியாகப் பறந்த பிறகுதான் அவர்களுக்கு இந்தப் புத்தி வந்தது. நாமும் புழுதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நமக்குப் பொருத்தமான முன்மாதிரி அமெரிக்கா இல்லை என்பது என் கருத்து. ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் அரன்சாசு என்ற ஊரில் 1997இல் மேய்ப்பர்களுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள். வகுப்பறைப் பாடத்தோடு மேய்ப்பர்களிடம் போய்ப் பழகுவதும் அங்கே படிப்பில் சேர்ந்தது. பிரான்சில் மேய்ப்பர் பயிற்சி பெற்ற ஊழியர். கோடையில் மலைக்கு மந்தை ஓட்டிப் போக அவரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார்கள். கிழவர்கள் மட்டுமே மந்தையோடு நடந்துகொண்டிருந்த தொழிலுக்கு இளைஞர்கள் வந்தது இப்படித்தான்.

நான் முன்வைப்பது இதுதான். கால்நடை மருத்துவமோ வேளாண்மையோ வனவியலோ படித்த பிள்ளை ஒரு முழு ஆண்டு ஒரு கீதாரியின் மந்தையோடு நடக்க வேண்டும். ஐப்பசி மழையிலிருந்து அடுத்த ஐப்பசி வரை. குட்டி போடுவதைப் பார்க்க வேண்டும், கிடைக்கூலி பேசுவதைக் கேட்க வேண்டும், தொரட்டியால் கொப்பு வெட்டும்போது எவ்வளவு வெட்டி எவ்வளவு விடுகிறார் என்று கவனிக்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் மதிப்பெண் தர வேண்டும். அரசு அந்தக் கீதாரிக்கு ஆசிரியர் என்ற பெயரும் அதற்கான ஊதியமும் தர வேண்டும். மறுபக்கம், மந்தையிலேயே பிறந்து வளர்ந்து பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்குத் தடுப்பூசி, புல் அளவு, நிலச் சட்டம் ஆகியவற்றை ஒரு வருடத்தில் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் வழங்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இந்தத் தொழிலுக்கு ஆள் கிடைக்கும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. டெல்டா மாவட்டங்களில் ஆட்டுக்கிடைகளிலிருந்து கொத்தடிமையாக இருந்த சிறுவர்களை அதிகாரிகள் மீட்ட செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. வறுமையில் சில ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிப் பெற்றவர்களே அடகு வைத்த பிள்ளைகள் அவர்கள். 1976இலேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சிறுவர்கள் ஆடு மேய்த்ததைப் பயிற்சி என்று எவரும் சொல்லிவிடக் கூடாது, அது குற்றம். பதினெட்டு வயது நிரம்பியவர், தன் விருப்பத்தோடு, கூலியோடு, வேண்டாமென்றால் விட்டுப் போகும் உரிமையோடு பழகுவதுதான் பயிற்சி. மந்தைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காகச் சிறுவர்களைத் தேடிப்போகும் நிலை மாற வேண்டுமானால், இது சம்பளமும் மரியாதையும் உள்ள வேலையாக வேண்டும். பயிற்சி வேண்டும் என்று நான் கேட்பதற்கு இதுவே முதல் காரணம்.

நிலம் இல்லாமல் போனால் பயிற்சியும் வீண். மேய்க்கால் புறம்போக்கைத் தரிசு என்று எழுதிவிட்டு மரம் நடுவதும் கட்டடம் கட்டுவதும் நடக்கின்றன. நம் மாவட்டத்தில் தைலமரக் காடு எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; அதனடியில் புல் முளைப்பது அரிது. சீமைக் கருவேலத்தை எடுத்தால் மட்டும் போதாது. அதன் நெற்றைத் தின்ற ஆடே விதையை ஊரெல்லாம் போடுகிறது. வேரோடு எடுத்த இடத்தில் அதே மழையில் புல் விதைக்காவிட்டால் மூன்றாம் வருடம் பழைய காடு. குஜராத்தின் பன்னிப் புல்வெளியில் 1961இல் அரசே நட்ட அந்த மரத்தை இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. காட்டில் மேய்க்கும் பருவகால உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் 2022 மார்ச்சில் வனத்தில் மேய்ச்சலுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு அதைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயங்களோடு நிறுத்திக்கொண்டது. இடையில் தேனி மலைமாட்டுக்காரர்கள் பட்ட பதைப்பு பெரிது. அந்த நேரத்தில் எந்தக் காட்டில் எத்தனை மாடு மேய்ந்தால் காடு தாங்கும் என்று அளந்து சொல்லப் பயிற்சி பெற்ற ஆட்கள் நமக்குப் போதவில்லை.

பணம் இருக்கிறது. தேசியக் கால்நடை இயக்கத்தில் 500 பெட்டை, 25 கிடாய் கொண்ட பண்ணைக்குப் பாதிச் செலவை, 50 லட்சம் ரூபாய் வரை, மானியமாகத் தருகிறார்கள். 2024இல் தரிசிலும் மேய்ச்சல் நிலத்திலும் தீவனம் வளர்க்க உதவுவதையும் அதில் சேர்த்தார்கள். அந்த 525 ஆட்டுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்த ஆளை மட்டும் அந்தத் திட்டம் உண்டாக்கித் தரவில்லை. பாண்டியன் காலத்திலும் பணம் இருந்தது.

மாணவர்களுக்கு: கால்நடை, வேளாண்மை, வனவியல் மூன்றில் எதில் இடம் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், புல்லைப் படிக்கிறேன் என்று ஆசிரியரிடம் முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கு: ஆடு மேய்க்கவா படிக்கவைத்தேன் என்று கேட்காதீர்கள். ஊராட்சித் தலைவர்களுக்கு: உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி என்று இருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் எழுதி எடுங்கள், இடத்துக்குப் போய் அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்து வருவதிலேயே இதைச் செய்யுங்கள்.